சுங்கான் கேள்வி பதில்: கெதியாக இழுக்கிறவர்களுக்கு

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே முறைப்பாடுதான்: வாய் எரிகிறது. புகையிலையைக் குறை சொல்கிறார்கள், சுங்கானை, அதாவது பைப்பைக் குறை சொல்கிறார்கள், வாங்கிவந்து கொடுத்த மச்சானையும் குறை சொல்கிறார்கள். தான் என்ன வேகத்தில் இழுக்கிறேன் என்று எழுதியவர் ஒருவர்கூட இல்லை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சுன்னாகத்திலிருந்து: "சுங்கான் பிடிக்கத் தொடங்கி இரண்டு கிழமை. நாக்கு நுனி சுட்டுப்போனது போல இருக்கிறது. வெர்ஜீனியாதான் பாவிக்கிறேன். புகையிலையை மாற்றவா?"

வேகத்தை மாற்றுங்கள். சிகரெட் மாதிரி இழுத்தால் தணல் சூடேறும், புகையிலையில் இருக்கிற ஈரம் ஆவியாகி நேரே நாக்கு நுனியில் வந்து இறங்கும். உங்கள் எரிவில் பெரும்பங்கு அந்த ஆவியினுடையது. வெர்ஜீனியாவில் சர்க்கரை அதிகம் என்பதால் அவசரக்காரரை அது இன்னும் கூடுதலாகச் சுடும்.

முதலில் மூன்று நான்கு நாள் சுங்கானைத் தொடாதீர்கள், வாய் ஆறட்டும். பிறகு இப்படி நினைத்துக்கொள்ளுங்கள்: கொதிக்கக் கொதிக்க ஒடியல் கூழைப் பிளாவில் ஊற்றித் தந்தால் எப்படிக் குடிப்பீர்கள்? விளிம்பில் உதட்டை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுவீர்கள். சுங்கானுக்கும் அந்த உறிஞ்சல் போதும். நிமிடத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை. இடையில் மூக்கால் மூச்சு விடுங்கள். சுங்கான் வாயில் இருக்க, மூச்சின் போக்கிலேயே புகை லேசாக வந்து போகும், தணலும் சாகாது. இது கைவர ஒரு மாதம் எடுக்கும்.

சோதனை வேண்டுமா? சுங்கானில் புகையிலை நிரப்புகிற கிண்ணத்தைக் கன்னத்தில் வையுங்கள். ஐந்து விநாடி பொறுக்க முடியாவிட்டால் கீழே வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். நடுத்தரக் கிண்ணம் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் போக வேண்டும். இருபது நிமிடத்தில் முடிகிறது என்றால் நீங்கள் ஓடுகிறீர்கள்.

கோப்பாயிலிருந்து: "புகையிலை போதுமான அளவு காய்ந்திருக்கிறதா என்று எப்படி அறிவது?"

ஒரு கிள்ளு எடுத்து விரலால் அழுத்தி விடுங்கள். கட்டியாகவே நின்றால் ஈரம். மெல்ல விரிந்து கொடுத்தால் சரி. நொறுங்கினால் காய்ச்சல் கூடிவிட்டது. புதிதாக உடைத்த தகரம் அநேகமாக ஈரமாகத்தான் இருக்கும். கடதாசியில் பரப்பி, நிழலில் அரை மணி நேரம் விடுங்கள். வெயிலில் வைக்க வேண்டாம், நம் ஊர் வெயில் பத்து நிமிடத்தில் சருகாக்கிவிடும். கார்த்திகை மழையில் இதே வேலைக்கு இரண்டு மணி நேரமும் போகும். மிச்சத்தை இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் வையுங்கள். ஈரப் புகையிலையைப் பற்றவைக்காதீர்கள் என்று எத்தனையோ முறை எழுதிவிட்டேன், இனியும் எழுதுவேன்.

பெயரும் ஊரும் இல்லாமல்: "பைப் சரியில்லை. ஒழுங்காகப் புகை வரவில்லை. உடனே பதில் தேவை."

என்ன சுங்கான், என்ன புகையிலை, எவ்வளவு காயவிட்டீர்கள், எப்படி நிரப்பினீர்கள், புகை தொடக்கத்திலேயே வரவில்லையா, பாதியில் நின்றதா? ஒன்றும் எழுதாமல் பதிலை மட்டும் உடனே கேட்கிறீர்கள். ஊகித்துச் சொல்கிறேன்: இறுக்கி நிரப்பியிருக்கிறீர்கள். மூன்று தடவையாக நிரப்ப வேண்டும். முதல் தடவை குழந்தையின் கையால் அமத்துவது போல, இரண்டாவது பெண்ணின் கையால், மூன்றாவது ஆணின் கையால் என்று பழைய ஆட்கள் சொல்லும் கணக்கு இன்றைக்கும் பொருந்தும். பற்றவைக்க முன் வெறுமையாக இழுத்துப் பாருங்கள். இளநீரை ஸ்ட்ரோவில் இழுப்பது போல இருந்தால் சரி, பாயாசத்தை இழுப்பது போல இருந்தால் கொட்டிவிட்டுத் திரும்ப நிரப்புங்கள். அடுத்த கடிதத்தில் விபரம் வேண்டும்.

பருத்தித்துறையிலிருந்து: "போட்டிக் காணொளி ஒன்று பார்த்தேன். ஒரு தடவை பற்றவைத்து மணிக்கணக்காக இழுக்கிறார்கள். எனக்குப் பத்து நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. அணையக் கூடாது என்று விடாமல் இழுக்கிறேன், அப்படியும் அணைகிறது. எங்கே பிழை?"

பிழை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: "அணையக் கூடாது என்று விடாமல் இழுக்கிறேன்." சுங்கான் பிடிக்கத் தொடங்குகிறவர்களை இந்த எண்ணத்தைப் போல வேறு எதுவும் கெடுப்பதில்லை. எனக்கு வருகிற நாக்கெரிவுக் கடிதங்களில் பத்தில் ஏழு எட்டுக்கு இதுதான் வேர்.

நீங்கள் பார்த்தது மெதுவாகப் புகைக்கும் போட்டி. எல்லோருக்கும் ஒரே புகையிலையில் 3 கிராம் அளந்து கொடுப்பார்கள். இரண்டு நெருப்புக்குச்சி. பற்றவைக்க ஒரு நிமிடம். அதற்குப் பிறகு அணைந்தால் ஆள் வெளியே. கைதேர்ந்தவர்கள் அந்த 3 கிராமோடு 3 மணி நேரத்துக்கு மேலும் இருப்பார்கள். அது ஒரு விளையாட்டு, அதற்கென்று பல வருடம் பழகியவர்களின் விளையாட்டு. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் போட்டிக்கு ஏறுகிற பட்டத்தையா நாங்கள் பின்னேரம் வீட்டு முற்றத்தில் விடுகிறோம்? திண்ணையில் இருந்து சுங்கான் பிடிக்கிறவருக்கு நடுவரும் இல்லை, மணிக்கூடும் இல்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் முதல் பிரையர் சுங்கானை நான் இப்படித்தான் அழித்தேன். அணைந்தால் வெட்கம் என்று நினைத்து, ஊதுலை போல இழுத்துக்கொண்டே இருந்தேன். ஆறு மாதத்தில் கிண்ணத்தின் பக்கவாட்டில் மரம் கருகி ஓட்டையே விழுந்துவிட்டது. அதை இன்றும் எறியாமல் வைத்திருக்கிறேன். பிரையர் மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் செடியொன்றின் வேரடிக் கட்டையிலிருந்து வருவது, நெருப்பை நன்றாகத் தாங்கும் மரம். அதையே எரித்த வேகம் என்னுடையது. வாயின் தோல் எம்மாத்திரம்?

அதனால், தம்பி, அணையட்டும். நான் இன்றைக்கும் ஒரு கிண்ணத்துக்கு நான்கு ஐந்து தடவை பற்றவைக்கிறேன். முதல் நெருப்பு பற்றுவதற்கே இல்லை: சுடரை மேலே வட்டமாகச் சுற்றிக் காட்டுங்கள், புகையிலை பொங்கி எழும்பும், அதை மெல்ல அமத்துங்கள். இரண்டாவது நெருப்புத்தான் உண்மையான நெருப்பு. குச்சியின் மருந்து எரிந்து முடியும்வரை இரண்டு விநாடி பொறுங்கள், இல்லாவிட்டால் முதல் வாய் முழுக்கக் கந்தகம். பாதியில் அணைந்தால் சாம்பலை லேசாக அமத்தி, திரும்பப் பற்றவையுங்கள். அமத்துவதற்கு டாம்பர் இல்லாவிட்டால் தட்டையான தலையுள்ள பெரிய ஆணி போதும். சும்மா அதன் பாரம் மட்டும் பட்டால் போதும், குத்த வேண்டாம்.

அணைந்துவிடுமோ என்ற பயம் போன அன்றைக்கே வேகம் தானாகக் குறையும். ஒரு நெருப்புப்பெட்டி என்ன விலை? ஒரு சுங்கான் என்ன விலை? கணக்குப் பாருங்கள்.

வேலணையிலிருந்து: "வெளிநாட்டுப் புகையிலை கட்டுப்படியாகவில்லை. நம்முடைய சுருட்டுப் புகையிலையை உதிர்த்துச் சுங்கானில் போடலாமா? போட்டுப் பார்த்தேன், தலை சுற்றி வாந்தி வந்துவிட்டது."

போட்டுப் பார்த்துவிட்டுப் போடலாமா என்று கேட்கிறீர்கள். கிண்ணம் முழுக்கப் போட்டிருப்பீர்கள். நம் புகையிலையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒல்லாந்தர் காலத்திலேயே கப்பலேறித் திருவிதாங்கூர் வரை பெயர் எடுத்த இலை அது. பொச்சுமட்டைப் புகையில் பதமாகிய வாசம் வேறு எதிலும் வராது. சைப்பிரசில் இருந்து வரும் லட்டாக்கியா என்ற புகையிலையையும் புகையில்தான் பதப்படுத்துகிறார்கள். அதை முதல் தடவை முகர்ந்தபோது எனக்குச் சின்ன வயதில் கண்ட தோட்டக் குடில்தான் நினைவுக்கு வந்தது.

ஆனால் சுருட்டு இலை வேறு வேலைக்கு உரியது. தடிப்பு, காரம், நிக்கொட்டின் எல்லாம் கூட. இனிப்புப் பாணி தெளித்த இலையாக இருந்தால் கிண்ணத்தில் ஒழுங்காக எரியாமல் அடியில் பிசுபிசுவென்று ஒட்டும். சுங்கான் கலவைகளில் சுருட்டிலை சேர்ப்பது உண்டு, ஆனால் கொஞ்சமாகத்தான். பாணி படாத இலையில் பத்தில் ஒரு பங்கு, அதற்கு மேல் வேண்டாம்.

தலை சுற்றினால் உடனே நிறுத்தி, காற்றோட்டமான இடத்தில் இருங்கள். பிளேன்ரீயும் ஒரு துண்டு பனங்கட்டியும் எனக்கு எப்போதும் உதவியிருக்கிறது. வெறும் வயிற்றில் சுங்கான் தொடவே கூடாது.

மானிப்பாயிலிருந்து: "அப்பப்பாவின் சுங்கான் பெட்டகத்துக்குள் கிடந்தது. வாயில் வைக்கிற பகுதி பச்சையாகிவிட்டது. கொதிநீரில் போட்டு அவிக்கலாமா?"

ஐயோ, வேண்டாம். அது எபனைற்று, கந்தகம் சேர்த்து இறுக்கிய இறப்பர். வெளிச்சமும் காற்றும் பட்டுப் பச்சையாகியிருக்கிறது. கொதிநீரில் போட்டால் இளகி வடிவம் கெட்டுப் போகும். மிக நுண்ணிய அரத்தாளை நனைத்து, பொறுமையாகத் தேயுங்கள், கறுப்பு திரும்பி வரும்.

கிண்ணத்துக்குள் படிந்திருக்கிற கரியைக் கத்தியால் மரம் தெரியச் சுரண்டாதீர்கள். ஒரு மில்லிமீற்றர் அளவு கரி இருக்க வேண்டும், அதுதான் மரத்தைக் காப்பது. அதைவிடத் தடித்துப் போயிருந்தால் மட்டும் குறையுங்கள். தடித்த கரி சூட்டில் விரிந்து கிண்ணத்தையே வெடிக்க வைத்துவிடும். உட்குழாயை வொட்கா போன்ற குடிக்கத் தகுந்த மதுவில் நனைத்த பைப் கிளீனரால் துடையுங்கள். காயத்துக்குப் பூசுகிற ஸ்பிரிற்று கூடாது. இரண்டு நாள் காயவிட்டு, அரைக் கிண்ணம் மட்டும் நிரப்பித் தொடங்குங்கள். உங்கள் அப்பப்பா எத்தனை பின்னேரங்கள் அதோடு இருந்திருப்பாரோ, அவசரப்பட்டு அதைக் கெடுக்காதீர்கள். சூடாக இருக்கும்போது தண்டைக் கழற்றவும் வேண்டாம்.

திருநெல்வேலியிலிருந்து: "எனக்கு 19 வயது. தொடங்குவதற்கு நல்ல சுங்கான் எது?"

எதுவும் இல்லை. இலங்கையில் 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலை விற்பதை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் என் பதில் இதுதான்.

நல்லூரிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: "சிகரெட்டை விட்டுச் சுங்கானுக்கு வந்தேன். புகையை உள்ளே இழுப்பதில்லை. அப்படியானால் ஆபத்து இல்லைத்தானே?"

இருக்கிறது, ஐயா. இதை நான் மழுப்பிச் சொன்னதே இல்லை. வாய், உதடு, தொண்டை, நுரையீரல் என்று சுங்கான் பிடிக்கிறவருக்கும் புற்றுநோய் வருகிறது. நுரையீரலுக்குப் போகாவிட்டாலும் நிக்கொட்டின் வாயின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும். சிகரெட் பழக்கத்தில் இருந்து வந்தவர்கள் தங்களை அறியாமலே உள்ளே இழுப்பதும் அதிகம். வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைப் படையோ இரண்டு மூன்று கிழமைக்கு மேல் நின்றால் எனக்கு எழுதாமல் வைத்தியரிடம் போங்கள். நாளுக்கு நாலைந்து கிண்ணம் பிடிக்கிறேன் என்று பெருமையாக எழுதுகிறவர்களுக்கும் இதுவே பதில். விட முடிந்தவர் விட்டால் எனக்கு மனதார மகிழ்ச்சி.

குருநகரிலிருந்து: "பின்னேரம் பண்ணைக் கடலோரம் நடக்கும்போது பிடித்தால் சுங்கான் நெருப்பாய்ச் சுடுகிறது. வீட்டில் அப்படி இல்லை."

சோளகக் காற்று உங்களுக்காக இழுத்துவிடுகிறது. நடையையும் சுங்கானையும் பிரித்து வையுங்கள்.

ஸ்கார்பரோவிலிருந்து: "சோளப்பொத்திச் சுங்கான் மலிவாக இருக்கிறது. அதில் பழகினால் பிறகு பிரையருக்கு மாறச் சிரமமா?"

ஒரு சிரமமும் இல்லை. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் 1869இல் இருந்து செய்து வருகிறார்கள், மலிவு என்பதற்காகத் தரம் குறைந்தது இல்லை. ஈரத்தை உறிஞ்சும், பதப்படுத்தும் வேலை இல்லை, பழகுகிறவருக்கு அதைவிட நல்லது எனக்குத் தெரியாது. ஒரே விலைக்கு ஒரு மட்டமான பிரையர் வாங்குவதைவிட இரண்டு சோளப்பொத்தி வாங்கி, ஒன்றுக்கு ஒரு நாள் ஓய்வு கொடுத்து மாறி மாறிப் பாவியுங்கள்.

சாவகச்சேரியிலிருந்து: "பாதிக் கிண்ணத்தில் கொறகொறவென்று தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது."

ஈரப் புகையிலை, அல்லது அவசரம், அல்லது இரண்டும். தண்டு வழியாகப் பைப் கிளீனரை உள்ளே விட்டு, ஈரத்தை எடுத்துவிட்டுத் தொடருங்கள். கிளீனர் கிடைக்காவிட்டால் மெல்லிய ஈர்க்கில் பஞ்சு சுற்றிப் பாவிக்கலாம், உள்ளே முறியாமல் பாருங்கள். தண்டைக் கழற்றித் துடைக்கலாமா என்று அடுத்த கடிதம் வரும்: சூட்டோடு கழற்றாதீர்கள், பொருத்து வாய் தளர்ந்துவிடும் அல்லது வெடிக்கும். ஒரு மணி நேரம் ஆறட்டும்.

உரும்பிராயிலிருந்து: "மிச்சச் சாம்பலை எங்கே கொட்டுவது? மனைவி வீட்டுக்குள் கொட்ட விடுவதில்லை."

அவர் சொல்வது சரி. ஒரு பழைய தகரப் பேணியில் கொஞ்ச மணல் போட்டுத் திண்ணையில் வையுங்கள். சுங்கானை அதன் விளிம்பில் அடித்துத் தட்ட வேண்டாம், கழுத்தில் முறியும். ஆணியால் கிளறிக் கொட்டுங்கள். வேலிப் பக்கம் மட்டும் கொட்டாதீர்கள். சோளகம் வீசுகிற மாதங்களில் காய்ந்த ஓலை வேலிக்கு அந்தச் சாம்பலுக்குள் இருக்கும் ஒரு தணல் போதும்.