புது கிரீன் மணலில் உயிர் இருக்கிறதா? கேள்வி பதில்

பெங்களூரு கோல்ஃப் மைதானங்களில் புல் பராமரிக்கும் நம் ஊர்க்காரர்களிடமிருந்து இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே புதிதாகக் கட்டிய கிரீன்களின், அதாவது பந்தைக் குழியில் தள்ளும் குட்டைப்புல் தரைகளின், மண்ணைப் பற்றியவை. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் முதல் பதில் கொஞ்சம் நீளம்.

ஒயிட்ஃபீல்டு பக்கமிருந்து ஒரு தம்பி: அண்ணா, மூன்று கிரீனை உடைத்துப் புதிதாகப் போடுகிறோம். அடியில் ஜல்லி, மேலே கழுவிய மணலும் தேங்காய் நார்த்தூளும். செம்மண் ஒரு கூடைகூடக் கிடையாது. இது செத்த மணல், பாக்டீரியா வாங்கி ஊற்றினால்தான் புல் பிடிக்கும் என்று விற்க வந்தவர் சொல்கிறார். வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. நீங்கள் கட்டுவது அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-ல் வெளியிட்ட முறை. 10 செ.மீ. ஜல்லிக்கு மேல் 30 செ.மீ. மணல். எத்தனை பேர் மிதித்தாலும் இறுகாது, மழை நின்றதும் தண்ணீர் வடிந்துவிடும் என்பதற்காகத்தான் மணல். பார்க்க உயிரே இல்லாததுபோல் இருப்பதால் பலரும் அப்படியே நம்பினார்கள். ஆனால் புது கிரீன்களில் மண் எடுத்து எண்ணிப் பார்த்தபோது, முதல் வருஷத்துக்குள்ளேயே ஒரு கிராமில் கோடிக்கணக்கான பாக்டீரியா இருந்தது. உள்ளே இருக்கும் உயிர்களைக் கொல்ல மெத்தில் புரோமைடு புகை போட்ட மண்ணில்கூட சில வாரங்களில் திரும்பப் பெருகிவிடுகின்றன.

எங்கிருந்து வருகின்றன? நார்த்தூளில், நடுகிற புல்தண்டின் வேரில், பாய்ச்சுகிற தண்ணீரில், காற்றோடு வரும் தூசியில். வேர் இறங்கும்போது சர்க்கரையும் அமினோ அமிலமும் கசியும். அந்தச் சாப்பாட்டுக்குத்தான் கூட்டம் கூடுகிறது. அந்தக் கூட்டத்துக்குள் டப்பாவில் வந்த பாக்டீரியா இடம் பிடிப்பது கஷ்டம். அந்தப் பணத்தில் நார்த்தூளின் உப்பு போக நன்றாகக் கழுவுங்கள். வேர் நன்றாக இருந்தால் மற்றது தானாக வரும்.

நீங்களே பார்க்கலாம். புல் நட்ட வாரம் குழி வெட்டும் கருவியால் ஒரு மண் உருளை எடுங்கள், கையிலேயே உதிர்ந்துவிடும். சில மாதம் கழித்து எடுத்து ஒரு வேரை உதறுங்கள். ஈர விரலில் ரவை ஒட்டுவதுபோல மணல் வேரைச் சுற்றி ஒட்டியிருக்கும். வேரும் பாக்டீரியாவும் விடுகிற பசைதான் அது. அப்புறம் முகர்ந்து பாருங்கள். லாரியில் வந்து இறங்கிய அன்று வாசனையே இல்லாத மணலில் மண்வாசனை வரும். ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியா வகை உண்டாக்கும் ஜியோஸ்மின்தான் அந்த வாசனை. முதல் தடவை அதை முகர்ந்த காலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

சர்ஜாபூரிலிருந்து: ஊரில் நெல்லுக்கும் வாழைக்கும் நோய் வராமலிருக்க சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவைப் போடுவோம். கிரீனுக்கும் போடலாமா?

நல்ல கேள்வி. குளிர் நாடுகளில் பென்ட் புல் போட்ட புது மணல் கிரீன்களில் டேக்-ஆல் என்ற பூஞ்சை வேர் நோய் முதல் சில வருஷம் கடுமையாக வரும், பிறகு தானாகக் குறையும். கோதுமை வயலிலும் இதே கதைதான். அங்கே ஆராய்ந்தபோது, வேரில் பெருகிய சூடோமோனாஸ் பூஞ்சையை அடக்கும் பொருளைச் சுரப்பது தெரியவந்தது. ஆனால் அது யாரும் ஊற்றியதல்ல, அந்த மண்ணிலேயே வளர்ந்தது. ஊற்றினால் கெடுதல் இல்லை, காப்பர் மருந்து அடித்த கையோடு மட்டும் வேண்டாம். கால்வாசி கிரீனை ஊற்றாமல் விட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம்.

எலஹங்காவிலிருந்து: குழி வெட்டினால் மூன்று அங்குல ஆழத்தில் கறுப்பாக ஒரு பட்டை, அழுகிய முட்டை நாற்றம். என்ன செய்வது?

இதுவும் பாக்டீரியா வேலைதான், காற்று இல்லாத இடத்தில் நடப்பது. சல்ஃபேட்டைக் கொண்டு வாழும் பாக்டீரியா ஹைட்ரஜன் சல்ஃபைடு விடும். அது இரும்போடு சேர்ந்து கறுக்கும். நான் பார்த்துக்கொண்ட ஒரு மைதானத்தில் இதே மாதிரி வந்தபோது இரண்டு வாரம் மருந்து மருந்தாக அடித்தேன். கடைசியில் பார்த்தால் வடிகால் குழாயின் வாயில் சேறு அடைத்திருந்தது. முதலில் அதைப் பாருங்கள். பிறகு துளை போட்டு மணல் நிரப்புங்கள், தண்ணீரைக் குறையுங்கள், அம்மோனியம் சல்ஃபேட்டை நிறுத்துங்கள். எம்-சாண்ட் போட்டிருந்தால் சலித்துச் சோதியுங்கள். 0.15 மி.மீ.க்குக் கீழான பொடி மொத்தத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

அதே ஒயிட்ஃபீல்டு தம்பி: யூரியா போட்டால் இந்த பாக்டீரியா எல்லாம் செத்துவிடுமா?

சாகாது. யூரியாவை அம்மோனியாவாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுவதே அவைதான். நைட்ரேட் மணலில் நிற்காமல் தண்ணீரோடு போய்விடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி போடுங்கள்.

தேவனஹள்ளியிலிருந்து: எட்டே வாரத்தில் திறக்க வேண்டும் என்று செகரட்டரி நிற்கிறார்.

தேதியை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஓர் உருளை எடுங்கள். உதிராமல் நின்றால், வெள்ளை வேர் அடிவரை தெரிந்தால், திறக்கலாம். உதிர்ந்தால் செகரட்டரியைக் கூட்டிப்போய் அந்த மணலை அவர் கையில் கொடுத்துக் காட்டுங்கள்.