ஜிடியா டைமாவா: டிராகன் பால் வினாவிடைப் போட்டிக்கு எதைக் கணக்கில் எடுப்பது?

உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அவர்களுடைய சனசமூக நிலையத்தில் பெடியள் சேர்ந்து அனிமே வினாவிடைப் போட்டி நடத்துகிறார்கள், கடைசிச் சுற்று டிராகன் பால் (கோகு என்ற வீரனின் சாகசத்தைச் சொல்லும் ஜப்பானியத் தொடர்; இசட், ஜிடி, சூப்பர், டைமா எல்லாம் அதன் தொடர்ச்சியாக வந்த தொடர்கள்). "கோகு சூப்பர் சயன் 4 வடிவத்தை முதலில் அடைந்தது எந்தத் தொடரில்?" என்று (சூப்பர் சயன் என்பது சண்டையில் பலத்தைக் கூட்டும் உருமாற்றம்) கேட்டதற்கு ஒரு அணி ஜிடி என்றது, மற்ற அணி டைமா என்றது. ஜிடி கேனனே (உண்மைக் கதையாகக் கணக்கில் எடுக்கப்படுவது) இல்லை என்று ஒருவர் எழும்ப, அப்படிப் பார்த்தால் டைமா வந்த பிறகு சூப்பரே செல்லாது என்று இன்னொருவர் எழும்ப, யாருக்கும் புள்ளி கொடுக்காமலே போட்டி கலைந்துவிட்டது. இறுதிச் சுற்று அடுத்த போயா விடுமுறையில். எதைக் கணக்கில் எடுப்பது, எதை விடுவது, அந்தப் புள்ளி யாருக்கு, அதோடு புதிதாகப் பார்க்கத் தொடங்கும் தன் தங்கச்சிக்கு எதைக் கொடுப்பது என்று கேட்கிறார்.

முதலில் புள்ளி. இரண்டு அணிக்கும் கொடுத்துவிடுங்கள் தம்பி. திரையில் அந்த வடிவம் முதலில் வந்தது 1996-97இல் ஓடிய ஜிடியில். கதைக்குள் இருக்கும் காலவரிசைப்படி பார்த்தால் டைமாதான் முந்துகிறது, ஏனென்றால் அது பூ என்ற வில்லனுடனான சண்டை முடிந்து கொஞ்ச நாளில் நடக்கிற கதை, ஜிடியோ மூல மங்கா (ஜப்பானியப் படக்கதை) முடிந்த பிறகு வருவது. ஆக நீங்கள் கேட்ட கேள்வியே அரைகுறை, "முதலில்" என்றால் எந்த முதல் என்று அதில் இல்லை. இன்னொன்றும் சொல்கிறேன், ஜிடியில் சூப்பர் சயன் 4-ஐ வடிவமைத்த கட்சுயோஷி நகட்சுருதான் டைமாவிலும் பாத்திர வடிவமைப்பாளர். படம் காட்டிக் கேட்கும் சுற்று வைத்தால் முடியைக் கவனிக்கச் சொல்லுங்கள், ஜிடியில் கறுப்பு, டைமாவில் சிவப்பு.

சரி, பெரிய கேள்விக்கு வருவோம். இது கணக்கில் சேரும், இது சேராது என்று மங்காவைப் பதிப்பித்த ஷுயெய்ஷாவோ டிவி தொடரை எடுத்த டொயெய் அனிமேஷனோ ரசிகர்கள் கையில் ஒரு பட்டியல் கொடுத்ததில்லை. இருப்பது ரசிகர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட வழக்கம்தான். அதில் பெரும்பாலானவர்கள் ஒத்துப்போகிற ஒரே இடம், அகிரா டொரியாமா 1984 முதல் 1995 வரை வீக்லி ஷோனென் ஜம்ப் இதழில் வரைந்த மூல மங்கா: 519 அத்தியாயம், 42 தொகுதி. நானும் அதைத்தான் அடித்தளமாக வைப்பேன். அதற்கு வெளியே போனதும் ஒவ்வொன்றையும் அது எப்படி உருவானது என்று பார்த்துத்தான் எடைபோட வேண்டும்.

மங்கா ஓடிக்கொண்டிருக்கும்போதே, 1986இல், டிவி தொடரும் தொடங்கிவிட்டது. மங்காவில் வாரத்துக்குப் பதினைந்து பக்கம் போலத்தான் வரும், டிவிக்கோ வாரம் ஒரு முழு எபிசோட் வேண்டும். மங்காவை முந்திவிடக் கூடாது என்பதற்காகக் காட்சிகளை இழுத்தார்கள், இடையிடையே சொந்தக் கதையும் சேர்த்தார்கள். நமெக் கிரகம் ஐந்து நிமிடத்தில் வெடித்துவிடும் என்று வில்லன் ஃப்ரீசா சொன்னது டிவியில் வாரக்கணக்காக ஓடியதற்குக் காரணம் இதுதான். திரைப்படங்கள் இன்னும் தள்ளி நிற்பவை. 1989இல் வந்த முதல் இசட் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கார்லிக் ஜூனியர் என்ற வில்லன் கோகுவின் மகன் கோஹனைக் கடத்திப் போகிறான், கோகுவும் அவன் பழைய எதிரி பிக்கோலோவும் சேர்ந்து அவனோடு மோதுகிறார்கள், நண்பன் கிரில்லினும் அந்த இடத்துக்கு வருகிறான். மங்காவில் என்ன நடக்கிறது? கோகுவின் அண்ணன் ராடிட்ஸ் வருகிற அன்றுதான் கோகு தன் மகனைக் காமே வீட்டுக்கு முதல் தடவையாகக் கூட்டி வருகிறான், உனக்கு மகனா என்று கிரில்லின் உட்பட எல்லாரும் வாயைப் பிளக்கிறார்கள், கோகுவும் பிக்கோலோவும் ஒரே பக்கம் நின்று சண்டை போடுவதும் அன்றைக்குத்தான் தொடங்குகிறது. இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க வழியே இல்லை. ஆனால் டிவி இசட் தொடர் 108இலிருந்து 117 வரையான எபிசோடுகளில் அதே கார்லிக் ஜூனியரைத் திரும்பக் கொண்டுவந்து, அந்தப் படம் நடந்ததாகவே பேசுகிறது! ஆகவே "டிவி தொடர் முழுக்கக் கேனன், படங்கள் இல்லை" என்ற கோடும் நிற்காது.

அப்போ டொரியாமா சொன்னதே வேதம் என்று வைத்துக்கொள்ளலாமா? உங்கள் நடுவர் அப்படித்தான் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் பாதி வழியில் கைவிடும். கோகுவின் அப்பா பார்டாக்கின் கதை 1990இல் டிவி சிறப்பு நிகழ்ச்சியாக வந்தது, அது ஸ்டூடியோக்காரர்கள் எழுதியது. டொரியாமாவுக்கு அது பிடித்துப்போய், ஃப்ரீசா சண்டையில் பார்டாக்கின் முகத்தைத் தன் மங்காவிலேயே வரைந்தார். அதே டொரியாமா 2014இல் ஒரு குறுங்கதை வரைந்தபோது பழைய கதையை மாற்றிவிட்டார். முதல் கதையில் பிறந்த குழந்தையைப் பூமியைப் பிடிக்க அனுப்புகிறார்கள், புதியதில் கொஞ்சம் வளர்ந்த பிள்ளையைக் காப்பாற்றுவதற்காகப் பெற்றோரே அனுப்பி வைக்கிறார்கள், அம்மா கினேவும் அங்கேதான் முதன்முதலில் வருகிறார். 2018இல் வந்த ப்ரோலி படம் இந்தப் புதிய கதையைத்தான் எடுத்துக்கொண்டது. லாஞ்ச் என்ற பாத்திரத்தை மறந்தே போனேன் என்று சொன்ன மனிதர் அவர், வாரா வாரம் கதையை அந்தந்த வாரமே யோசித்து வரைந்தவர். அவரிடம் போய் நாற்பது வருடத்துக்கும் சேர்த்து ஒரே கணக்கைக் கேட்பது நியாயமில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

சூப்பரில் சிக்கல் வேறு மாதிரி. டொரியாமா கதையின் சட்டகத்தைக் கொடுத்தார், டிவிக்காரர்கள் ஒரு பக்கம், சூப்பர் மங்காவை வரைந்த டொயோட்டாரோ ஒரு பக்கம் என்று தங்கள் தங்கள் வழியில் நிரப்பினார்கள். சண்டைகளின் முடிவு பெரும்பாலும் ஒன்றாக இருக்கும், நடுவில் நடப்பது மாறும். வருங்காலத்திலிருந்து வரும் ட்ரங்க்ஸ் டிவியில் கோபத்தில் ஒரு புது வடிவத்துக்குப் போகிறான், மங்காவில் அது இல்லை, பதிலாகக் காயம் ஆற்றும் சக்தி அவனிடம் இருக்கிறது. கோகுவின் போட்டியாளன் வெஜிட்டா சிவப்பு முடியோடு சூப்பர் சயன் காட் ஆவது மங்காவில் சீக்கிரமே வந்துவிடுகிறது, டிவியில் 131 எபிசோடிலும் வரவே இல்லை, திரையில் அதைப் பார்க்க ப்ரோலி படம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதை விடுங்கள், அழிவுக் கடவுள் பீரஸ் குழப்பம் செய்கிற, கோகுவின் தோழி புல்மாவின் பிறந்தநாள் விருந்தே 2013 படத்தில் வீட்டில் நடக்கிறது, டிவி சூப்பரில் கப்பலில் நடக்கிறது!

டைமா 2024 ஒக்டோபர் 11 முதல் 2025 பெப்ரவரி வரை 20 எபிசோட். கதை டொரியாமாவுடையது, ஆனால் அது ஒளிபரப்பாவதைப் பார்க்க அவர் இல்லை, 2024 மார்ச் 1 அன்று காலமாகிவிட்டார். இதில் வெஜிட்டா சூப்பர் சயன் 3 ஆகிறான், கோகு 4 ஆகிறான். இதற்குப் பிறகு நடப்பதாகச் சொல்லப்படும் சூப்பரின் ஆரம்பத்திலோ பீரஸிடம் மோதும்போது கோகு 3உடன் நின்றுவிட்டு இரண்டே அடியில் விழுகிறான். 4 கையில் இருந்தால் ஏன் எடுக்கவில்லை? கதைக்குள் இதற்குப் பதில் கிடையாது. அதற்காகச் சூப்பர் செல்லாது என்று நான் சொல்லமாட்டேன், டைமா பொய் என்றும் சொல்லமாட்டேன். கம்பனில் இராவணன் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துக்கொண்டு போகிறான், வான்மீகியில் சீதையைக் கையால் பிடித்தே தூக்கிப் போகிறான். வினாத்தாள் எழுதுகிறவர் "கம்பராமாயணத்தின்படி" என்று ஒரு சொல் போட்டுவிட்டால் பிள்ளைகள் அடிபட மாட்டார்கள்.

உங்களுக்கும் அதேதான் வழி. ஒவ்வொரு கேள்வியும் எந்தப் படைப்பு என்ற பெயரோடு தொடங்கட்டும்: மூல மங்காவில், டிவி சூப்பரில், சூப்பர் மங்காவில், டைமாவில் என்று. "கோகு எத்தனை தடவை இறக்கிறான்?" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள், மூல மங்காவில் என்று போட்டால் 2 என்று சட்டென்று பதில் வரும் (ராடிட்ஸோடு ஒன்று, செல் என்ற வில்லனோடு ஒன்று), டிவி சூப்பரைச் சேர்த்தால் ஹிட் அவனைக் கொன்ற கதையை ஒருவர் எடுத்துக்கொண்டு வருவார், அதோடு அன்றைய பொழுது போய்விடும். "கோகுவின் அம்மா பெயர் என்ன?" என்பதையும் 42 தொகுதிக்குள் தேடச் சொல்லாதீர்கள், அங்கே கினே இல்லை. பெயர் போடாமல் கேட்கக்கூடிய கேள்விகளும் இருக்கின்றன, எட்டுப் பிரபஞ்சங்கள் மோதிய போட்டியில் கடைசியில் நின்றது யார் என்றால் டிவியிலும் மங்காவிலும் ஆண்ட்ராய்ட் 17தான். இறுதிச் சுற்றில் சமநிலை வந்தால் உடைப்பதற்கு அப்படியானவற்றை ஒதுக்கி வையுங்கள். ஆட்சேபம் செய்கிறவர் அத்தியாய எண்ணோ எபிசோட் எண்ணோ சொல்ல வேண்டும், யூடியூபில் யாரோ விளக்கம் சொன்னார் என்பது செல்லாது என்று தொடங்குவதற்கு முன்பே அறிவித்துவிடுங்கள். நடுவர் ஜிடி பிடிக்காதவர் என்றாலும் ஜிடிக் கேள்விக்கு ஜிடிப் பதிலுக்குத்தான் புள்ளி. டொரியாமா ஜிடியைப் பக்கக்கதை என்று சொன்னவர், ஆனால் அதன் முக்கிய பாத்திரங்களுக்குத் தொடக்க வடிவம் வரைந்து கொடுத்தவரும் அவரே. அதைக் கேட்டு ஒருவர் முகம் சுழிப்பது அவர் விருப்பம், புள்ளிக் கணக்குக்குள் அது வரக்கூடாது.

தங்கச்சிக்கு முதல் டிராகன் பாலையே போடுங்கள், 153 எபிசோட், கோகு சின்னப் பெடியனாக வருகிற அந்தத் தொடர். அவர் சின்னப்பிள்ளை என்றால் ஆரம்பத்தில் மாஸ்டர் ரோஷியின் பச்சைப் பகிடிகள் கொஞ்சம் இருக்கின்றன, பக்கத்தில் இருங்கள். அப்புறம் 291 எபிசோட் இசட்டுக்குப் பதிலாகக் காய் (Kai) என்ற தொடர், அது 2009இலிருந்து இடைச்செருகல்களைக் கழித்து மங்காவுக்கு நெருக்கமாக வெட்டிச் சேர்த்தது, டேட்டாவும் ஏறக்குறைய பாதி மிச்சம். பிறகு டிவி சூப்பர், ப்ரோலி படம். சூப்பர் மங்காவில் டிவி நின்ற இடத்தையும் தாண்டி மோரோ, கிரனோலா என்று கதை போகிறது, வாசிக்கப் பிடித்தால் அதையும் கொடுங்கள். டைமாவையும் ஜிடியையும் எப்போது வேண்டுமானாலும் தனித்தனியாகப் பார்க்கலாம், ஆனால் சூப்பரின் நடுவில் செருகி மட்டும் காட்டாதீர்கள்.