பழுத்துப்போன டெக்கால் தாள்

கேள்வி: என் தந்தையார் 1980களில் ஒட்டிச் சேர்த்த 1/24 அளவுப் பிளாஸ்டிக் பந்தயக் கார் ஒன்று பரணிலிருந்து கிடைத்தது. பழைய எனாமல் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடித்து, அவர் ஒட்டாமல் வைத்திருந்த டெக்கால் தாளை (நீரில் நனைத்து ஒட்டும் எழுத்துகளும் படங்களும் கொண்ட தாள்) ஒட்ட விரும்புகிறேன். தாள் பழுத்து மஞ்சளாகிவிட்டது. டயர் பட்ட இடத்தில் சக்கரமும் உருகினாற்போல் இருக்கிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், மாட்டுங்கா, மும்பை

பதில்: முதலில் அந்தத் தாளை ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள், கெட்டுப்போனால் மறுபடி அச்சிட அதுவே ஆதாரம். பிறகு, தேவைப்படாத ஒரு சிறிய எழுத்தை மட்டும் வெட்டி வெதுவெதுப்பான நீரில் போட்டுப் பாருங்கள். அது துண்டு துண்டாக உடைந்தால், மெல்லிய படலம் காலத்தால் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிட்டது என்று பொருள். அப்படியானால் தாள் முழுவதும் நிறமற்ற லாக்கரை (வார்னிஷ் போன்ற பூச்சு) மெல்லியதாக இரண்டு முறை அடித்துக் காயவிட வேண்டும். லாக்கர் எல்லாவற்றையும் ஒரே படலமாக இணைத்துவிடும் என்பதால், அதன்பின் ஒவ்வொரு படத்தையும் அதன் ஓரத்தையொட்டியே கத்தரிக்க வேண்டும்.

மஞ்சள் நிறத்துக்கு மருந்து வெயில்தான். தாளை ஒளி ஊடுருவும் பையில் இட்டு, படங்கள் வெளிப்புறம் பார்க்குமாறு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிட்டு, தினமும் கவனியுங்கள். அதிக நாள் விட்டால் சிவப்பு போன்ற நிறங்களும் வெளிறலாம். மும்பையில் மழைக்காலத்தில் இவை எதையும் தொடங்காதீர்கள். வெயிலும் கிடைக்காது, காற்றின் ஈரத்தில் லாக்கரும் வெண்புகை படிந்ததுபோல் பூத்துவிடும். அக்டோபர் வெயிலைத் திட்டுகிறோமே, அது உதவும் வேலை இது.

பெயின்ட்டைச் சுரண்ட வேண்டாம். கதவுகளின் நுண்ணிய கோடுகள் போய்விடும். கையுறை அணிந்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஓரிரவு ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். காற்றோட்டம் வேண்டும், அடுப்பு அருகில் இருக்கக் கூடாது. குரோம் பூசிய பாகங்களை அதில் போடாதீர்கள். நகச்சாயம் நீக்கும் அசிட்டோன், காரின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனையே கரைத்துவிடும் என்பதால் அதன் பக்கமே போக வேண்டாம்.

சக்கரம் உருகியதற்குக் காரணம் வெயில் அன்று. மென்மையான வினைல் டயரில் சேர்க்கப்பட்ட இளக்கிப் பொருள் ஆண்டுக்கணக்கில் கசிந்து, தொட்டுக்கொண்டிருந்த பிளாஸ்டிக்கைத் தின்றிருக்கிறது. அதை மீட்க முடியாது. பள்ளத்தை நிரப்பும் பசையான புட்டியை (putty) வைத்துத் தேய்த்துச் சமன் செய்து, டயருக்கும் சக்கரத்துக்கும் இடையே மெல்லிய அலுமினியத் தாளைச் சுற்றுங்கள்.

புது பெயின்ட் நன்கு காய்ந்தபின் பளபளப்பான நிறமற்ற பூச்சு ஒன்று அடித்து, அதன் மேல்தான் டெக்காலை ஒட்ட வேண்டும். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளி நிறத் திட்டுகள் தெரியும்.