ரியாத்துக்குக் கம்பி வேலைக்குப் போகிறவர் எந்தச் சொற்களை முதலில் படிக்க வேண்டும்?

கேள்வி: பெரம்பலூர் பக்கம் கம்பி கட்டும் வேலை பார்க்கிறேன். எட்டாவது வரை படிப்பு. ரியாத்தில் ஸ்டீல் ஃபிக்சர் வேலைக்கு விசா வந்திருக்கிறது. ஏஜென்ட் கட்டுமானச் சொற்களை ஆங்கிலத்திலும் அரபியிலும் நீளப் பட்டியலாகக் கொடுத்து, மனப்பாடம் செய்யச் சொல்கிறார். மண்டையில் ஏறவில்லை. எதிலிருந்து ஆரம்பிப்பது?

பதில்: பட்டியலை மடித்துப் பெட்டியில் வையுங்கள். சிமென்ட் இஸ்மன்த், மணல் ரமல், இரும்பு ஹதீத், மரம் கஷப், ஆணி மிஸ்மார். இதெல்லாம் கண்ணெதிரே கிடக்கிற சாமான்கள். விரலை நீட்டினால் பக்கத்தில் இருப்பவர் பெயரைச் சொல்லிவிடுவார், போன கொஞ்ச நாளில் தானாகப் படிந்துவிடும். விரல் நீட்டிக் கேட்க முடியாதவை கட்டளைகள்தான். தலைக்கு மேலே கிரேனில் கம்பிக்கட்டு தொங்கும்போது யாரும் நின்று விளக்கம் சொல்ல மாட்டார்கள்.

அதனால் விமானம் ஏறுவதற்கு முன் காதுக்குப் பழக வேண்டியவை இவை. வக்கிஃப் என்றால் நிறுத்து. இர்ஃபா தூக்கு, நஸ்ஸில் இறக்கு. ஃபோக் மேலே, தஹத் கீழே. யமீன் வலது, யசார் இடது. ஷீல் எடு, ஹுத் வை, இம்சிக் பிடி. ஜீப் என்று யாராவது கத்தினால் வண்டியைத் தேடாதீர்கள், 'கொண்டு வா' என்கிறார். ஷுவையா ஷுவையா என்றால் கொஞ்சம் கொஞ்சமாக. கதர் என்றால் அபாயம், மம்னூ என்றால் கூடாது. இந்த இரண்டும் பலகைகளிலும் இருக்கும்.

இலக்கணத்துக்குப் பயப்பட வேண்டாம். பல நாட்டுக்காரர்களும் சேர்ந்து உடைத்து எடுத்த ஒரு சைட் அரபி வளைகுடா முழுக்க ஓடுகிறது. ஃபீ என்றால் இருக்கிறது, மாஃபீ என்றால் இல்லை. மாஃபீ மாலூம், தெரியாது. புரியாத கட்டளைக்குத் தலையாட்டுவது நம் ஆட்களின் பெரிய கெட்ட பழக்கம். மாஃபீ மாலூம் என்று சொன்னால் திட்டு விழும், விழட்டும். தொழிலாளிகளுக்குள் பெரும்பாலும் இந்தியும் உருதும்தான் பேச்சு, அதுவும் கொஞ்சம் தெரிந்தால் நல்லது.

ஒரே சாமானுக்கு இரண்டு அரபிப் பெயர் வருகிறதே என்று குழம்பவும் கூடாது. எஞ்சினியர் எகிப்துக்காரர் என்றால் பீமைக் கமரா என்பார், சிரியாக்காரர் ஜிஸ்ர் என்பார். கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையத்தை நாம் ரிங் என்கிறோமே, அது எகிப்துக்காரருக்குக் கானா, சிரியாக்காரருக்கு அஸாவிர், அதாவது வளையல்கள். தூண் எல்லோருக்கும் அமூத். அப்புறம், பைப், பம்ப் இரண்டையும் 'பஸ்'ஸில் வருகிற ப போட்டுத்தான் சொல்வார்கள், அரபியில் மற்ற 'ப' கிடையாது.

சரி, ஆங்கிலம் எங்கே வேண்டும்? வரைபடத்தில். உங்கள் வேலைக்கு இதுதான் உயிர். கான்கிரீட் ஊற்ற அடிக்கும் பலகைச் சட்டத்தை ஊரில் சென்ட்ரிங் என்றால் எல்லோருக்கும் புரியும், அங்கே ஷட்டரிங் அல்லது ஃபார்ம்வொர்க். பில்லர் 'காலம்' ஆகிவிடும். ரிங் ஸ்டிரப் அல்லது லிங்க். தளம் ஸ்லாப். நூல் கணக்கு, அங்குலக் கணக்கு எதுவும் செல்லாது, எல்லாம் மில்லிமீட்டர். ஆறங்குல இடைவெளிக்குப் பழகிய கண்ணுக்கு 150, எட்டங்குலத்துக்கு 200 என்று வைத்துக்கொண்டால் கை சீக்கிரம் பழகும்.

பிரிட்டிஷ் முறை வரைபடத்தில் '20 டி16-01-200 பி1' என்று ஒரு வரி இருக்கும். 20 என்பது கம்பிகளின் எண்ணிக்கை. டி (T) என்பது முறுக்குக் கம்பி ரகம், புதிய வரைபடங்களில் அந்த இடத்தில் ஹெச் இருக்கும். 16 விட்டம். 01 பார் மார்க், அதாவது அந்தக் கம்பியின் அடையாள எண், வளைத்து வந்த கம்பிக்கட்டின் சீட்டிலும் இதே எண்தான் இருக்கும். 200 இடைவெளி. பி1 (B1) என்றால் ஸ்லாபின் அடிவலையில் வெளி அடுக்கு, அதாவது கம்பி பலகையைத் தொடாமல் அடியில் வைக்கும் கவர் பிளாக் மேல் முதலில் விரிப்பது. அதன்மேல் குறுக்கே பி2.

மேல் வலைக்கு டி1, டி2. ஒன்று முதலில், இரண்டு அடுத்து என்று இங்கேதான் தப்பாக விரித்துவிடுவார்கள். டி1 என்பது உச்சியில் இருக்கும் வெளி அடுக்கு, ஆகவே டி2வைப் போட்டுவிட்டுத்தான் டி1. மாற்றி விரித்தால் இன்ஸ்பெக்ஷனில் முழுவதையும் பிரிக்கச் சொல்வார்கள். எண்ணுக்கு முன் நிற்கும் டி ரகம், கடைசியில் வரும் டி மேல்பக்கம் என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சில கம்பெனிகள் விட்டக் குறி போட்டு 16 @ 200 என்று சுருக்கமாகவே முடித்துவிடும்.

வரைபடத்தில் நமக்குத் தெரிந்த எண்கள்தான் இருக்கும். அறிவிப்புப் பலகையில் அரபி எண்கள் வரும். அவை பத்தே உருவங்கள், ஒரு மணி நேரத்தில் படித்துவிடலாம். வட்டம் போட்டிருந்தால் அது 5, பூஜ்யம் வெறும் புள்ளி. 7 மாதிரி தெரிவது 6. எழுத்து வலமிருந்து இடமாகப் போனாலும் எண்ணை நம்மைப் போல இடமிருந்தே படிக்க வேண்டும். சவூதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12 முதல் 3 மணி வரை நேர் வெயிலில் வேலை வாங்கக் கூடாது. பலகையில் அந்த 15 நம் கண்ணுக்கு 10 போலத்தான் தெரியும்.

கடைசியாக ஒப்பந்தம். அரபியும் வேறு மொழியும் சேர்ந்திருந்தால் சவூதி சட்டப்படி அரபி வாசகமே செல்லும். ஆங்கிலப் பக்கத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். மிஹ்னா என்ற இடத்தில் தொழில் இருக்கும். அங்கே ஹத்தாத், அதாவது இரும்பு வேலைக்காரர், என்று இருக்க வேண்டும், வெறும் ஆமில் என்றால் கூலியாள். ராதிப் என்பது சம்பளம், பாக்கி அங்கேயும் பாக்கிதான். லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் பக்கம் மதரசாவில் அரபி படித்தவரோ வளைகுடாவிலிருந்து திரும்பியவரோ கிடைக்காமல் போக மாட்டார். கையெழுத்துக்கு முன் அரபிப் பக்கத்தை அவரிடம் கொடுத்து, இந்த இரண்டு வரியையும் வேலை நேரத்தையும் உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.