தண்ணியில்லாத ஆறு, கோல் அடிக்க ஆளில்லாத டீம்: சென்னையின் எஃப்சி கேள்வி பதில்

எல்லாருக்கும் வணக்கம். காட்பாடியில ஸ்பேர் பார்ட்ஸ் கடை வச்சிருக்கேன், இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) ஃபுட்பால்ல ஆடற சென்னையின் எஃப்சியை 2014ல டீம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து பாத்துட்டு இருக்கேன். எங்க வட ஆற்காட்டு பசங்க டெய்லி ஒவ்வொருத்தனா வந்து "அண்ணா இந்த டீமுக்கு இன்னாதான் ஆச்சு"ன்னு கேட்டு கேட்டு கடையில யாவாரமே ஓட மாட்டேங்குது, அதனால எல்லார் கேள்வியையும் ஒண்ணா வாங்கி உக்காந்து எழுதிட்டேன். நான் கோச் இல்ல, பிளேயரும் இல்ல, ஸ்கூல் டீம்ல ரைட் பேக் ஆடினதோட சரி. ஆனா இந்த டீமால நான் இழந்த தூக்கம் கொஞ்சநஞ்சம் இல்ல, அந்த தகுதியில பேசறேன்.

சத்துவாச்சாரி தம்பி: அண்ணா, ஒரே வரியில சொல்லுங்க, நம்ம டீமோட பிரச்சனை என்ன?

ஒரே வரியிலயா? வருஷா வருஷம் வீட்டை இடிச்சிட்டு அஸ்திவாரத்துலேர்ந்து கட்டறாங்க தம்பி, குடி போறதுக்குள்ள மறுபடி இடிச்சிடறாங்க.

ஆற்காடு மாமா: மாப்ள, ரெண்டு தடவை கப்பு அடிச்ச டீமுன்னு பெருமையா சொல்றீங்க, அப்புறம் ஏன் எப்பவும் கீழயே கெடக்குது?

மாமா, இதுதான் மெயின் கேள்வி, இதுக்கு கொஞ்சம் நீளமாதான் சொல்லணும், ஒரு டீ சொல்லிட்டு உக்காருங்க.

நம்ம வேலூரை பத்தி ஒரு பழைய கிண்டல் இருக்குல்ல, தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், மரமில்லாத மலைன்னு. நம்ம டீமும் அந்த லிஸ்ட்ல சேர வேண்டியதுதான். பாலாறு எப்படி? பத்து வருஷம் மணலா கெடக்கும், திடீர்னு 2021 நவம்பர்ல வந்த மாதிரி கரைபுரண்டு வரும், பாலத்து மேல நின்னு ஊரே வேடிக்கை பாக்கும், அடுத்த கோடையில மறுபடி மணல்ல பசங்க ஸ்டம்பு நட்டு ஆடுவாங்க. டிட்டோ நம்ம டீம்.

கணக்கு பாருங்க. 2014ல முத சீசன், லீக் டேபிள்ல முதல் இடம், எலானோ 8 கோல் போட்டு டாப் ஸ்கோரர், ஆனா செமில கேரளா பிளாஸ்டர்ஸ் கிட்ட எக்ஸ்ட்ரா டைம்ல போச்சு. 2015ல மாட்டராஸி கோச், பாதி சீசன்ல கடைசி இடத்துல கெடந்தோம், கடைசி நாலு லீக் மேட்சையும் வரிசையா ஜெயிச்சு உள்ள போனோம், சென்னையில வெள்ளம்னு நம்ம ஹோம் செமியையே புனேல ஆடி கொல்கத்தாவை 3-0ன்னு அடிச்சு பைனல் போய் கப்பு. 2017-18ல ஜான் கிரிகரி, பெங்களூருலயே போய் பெங்களூரை 3-2ன்னு சாய்ச்சோம், மெயில்சன் ஆல்வெஸ் ஒரு டிபெண்டர், அந்தாளு தலையால ரெண்டு கோல். சரி, இனிமே நம்ம ராஜ்ஜியம்தான்னு நெனச்சேன். அடுத்த வருஷம் இன்னாச்சு? 18 மேட்ச்ல 2 வெற்றி, 9 பாயின்ட், பத்து டீம்ல பத்தாவது. சாம்பியன் நேரா கடைசி பெஞ்சு. அப்பவும் அதே கோச், முக்கால்வாசி அதே ஆளுங்க.

அப்புறம் 2019-20 பாருங்க, அதுவும் அதே கதை தலைகீழா. பாதியில கிரிகரி போனாரு, ஓவன் காயில் வந்தாரு, டேபிள்ல அடியில கெடந்த டீமை தூக்கி நிறுத்தி பைனல் வரைக்கும் கூட்டிட்டு போனாரு, வால்ஸ்கிஸ் 15 கோல். பைனல்ல கொரோனாவால காலி ஸ்டேடியத்துல 3-1ன்னு தோத்தோம். தோத்தது கூட பரவால்ல மாமா. அந்த டீமை அப்படியே வச்சிருந்தா போதும். காயில் ஜாம்ஷெட்பூர் போயிட்டாரு, வால்ஸ்கிஸும் கூடவே போயிட்டாரு, 2021-22ல காயில் அங்க லீக் டேபிள்ல முதல் வர டீமுக்கு தர ஷீல்டே ஜெயிச்சு கொடுத்தாரு. நாம? அடுத்த மூணு சீசன், மூணு கோச், மூணு தடவையும் எட்டாவது இடம். எங்க பாட்டி இருந்திருந்தா அஷ்டமத்துல சனின்னு சொல்லி திருநள்ளாறுக்கு பஸ் ஏத்தி விட்டிருக்கும்.

அதனால நான் சொல்றது, கப்பு ஜெயிக்கறது நமக்கு கஷ்டம் இல்ல, ஜெயிச்ச டீமை வச்சுக்கறதுதான் வரல.

விஐடி மாணவர்: ப்ரோ, கோச்சை மாத்தினா சரியாயிடுமா?

சாமி, இன்னும் எத்தனை பேரை மாத்தறது? மாட்டராஸி, கிரிகரி, காயில், லாஸ்லோ, பாண்டோவிச், பிர்டாரிச், திரும்ப காயில், 2025ல கிளிஃபோர்ட் மிராண்டா. கோச் மாறும்போது ஆள் மட்டும் மாறல, அவர் கூட வர்ற பாரின் பிளேயர், பாஸ் போடற ஸ்டைல், எல்லாமே மாறுது. ஒருத்தர் பந்தை கீழ வச்சு ஆடுங்கறாரு, அடுத்தவரு தூக்கி அடிங்கறாரு, நடுவுல மாட்டின இந்தியன் பையன் எதைத்தான் கத்துப்பான்?

காயில் 2023ல திரும்பி வந்தப்ப நான் சந்தோஷப்பட்டேன், மறைக்க மாட்டேன். முத வருஷம் ஆறாவது, பிளேஆஃப் வரைக்கும் போனோம், சரி வேர் புடிக்குதுன்னு நெனச்சேன். 2024-25ல 13 டீம்ல 11வது, 24 மேட்ச்ல 27 பாயின்ட். மிராண்டா கோவாக்காரர், இந்தியன் கோச், எனக்கு பிடிச்சிருக்கு. அவருக்கு மூணு வருஷம் கொடுங்கன்னுதான் கேக்கறேன், கொடுக்க மாட்டாங்கன்னும் தெரியும்.

வாணியம்பாடி பாய்: கோல் ஏன் விழ மாட்டேங்குது? டிஃபென்ஸ் கூட பரவால்ல போல இருக்கே.

பாய், 2020-21 சீசன் ஞாபகம் இருக்கா? 20 மேட்ச்ல 11 டிரா. பதினொண்ணு! நைட்டு ஒம்பதரை மணி வரைக்கும் உக்காந்து பாத்துட்டு "யாரு ஜெயிச்சது"ன்னு வீட்டுல கேட்டா "யாரும் இல்ல"ன்னு சொல்லி சொல்லி என் பொண்டாட்டி அதுக்கப்புறம் கேக்கறதையே விட்டுட்டா. பாக்ஸ் வரைக்கும் பந்து வரும், அங்க வந்ததும் கல்யாண வீட்டுல பந்தி எங்கன்னு தெரியாத ஆள் மாதிரி நிப்பாங்க.

நம்ம பழைய ஸ்ட்ரைக்கர் ஜெஜெதான் இன்னைக்கும் கிளப்போட டாப் ஸ்கோரர், 23 ஐஎஸ்எல் கோல். அவருக்கு அப்புறம் வருஷக்கணக்கா நின்னு ஆடற ஒரு இந்தியன் ஸ்ட்ரைக்கர் நமக்கு அமையல. பாரின்காரன் நல்லா அடிச்சா அடுத்த வருஷம் வேற கிளப் தூக்கிட்டு போயிடும், அடிக்கலன்னா நாமளே அனுப்பிடுவோம், எப்படி பாத்தாலும் ஜூன் மாசம் வந்தா முன்வரிசையில கோல் அடிக்க ஆளில்ல.

பாகாயம் நர்ஸ் தங்கச்சி: அண்ணா எங்க ஹாஸ்டல்ல கேரளா பொண்ணுங்க பிளாஸ்டர்ஸ் மஞ்ச ஜெர்சி போட்டுட்டு கிண்டல் பண்றாங்க, பதிலுக்கு என்ன சொல்றது?

தைரியமா கேளும்மா, உங்க கிட்ட எத்தனை கப்பு இருக்குன்னு. 2014, 2016, 2022 மூணு பைனல் போனாங்க, மூணும் தோத்தாங்க, அலமாரி காலி. நமக்கு ரெண்டு இருக்கு. இதுக்கு மேல பேச்சை வளக்காத, ஏன்னா "உங்க ஸ்டேடியத்துக்கு எத்தனை பேர் வராங்க"ன்னு திருப்பி கேட்டா நம்ம கிட்ட பதில் இல்ல, கொச்சியில தோத்தாலும் கூட்டம் வரும். அந்த ஒரு விஷயத்துல எனக்கு பொறாமைதான்.

ஆம்பூர் கோச் சார்: டீம் பேருல சென்னை இருக்கு, தமிழ்நாட்டுப் பசங்க எங்க?

சார், நீங்க கேட்டதுதான் என் வயித்தெரிச்சல். 2018 செமியில கோவாவை 3-0ன்னு அடிச்சப்ப ஜெஜெ ரெண்டு, மூணாவது நம்ம தன்பால் கணேஷ், வியாசர்பாடி பையன். அந்த கோல் விழுந்தப்ப கடையில நான் தூக்கிப் போட்ட ஸ்பேனர் இன்னும் கிடைக்கல. அவரை முழங்கால் அடி கெடுத்துடுச்சு. எட்வின் சிட்னி இருந்தாரு, ரைட் பேக்குல இறக்குனாலும் ஓடுவாரு, நடுவுல இறக்குனாலும் ஓடுவாரு.

ஆனா வெளிய பாருங்க. கண்டனூர் சிவசக்தி பெங்களூருக்கு ஆடி 2022-23ல எமர்ஜிங் பிளேயர் அவார்டு வாங்குறான். நந்தகுமார் ஈஸ்ட் பெங்கால் ஜெர்சில 2023 டூரண்ட் கப் டெர்பியில மோகன் பகானுக்கு எதிரா ஒரே கோல் போட்டு ஜெயிக்க வைக்கிறான், கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியமே எழுந்து ஆடுது. கோயம்புத்தூர்ல ஆடின சென்னை சிட்டி 2018-19ல ஐ-லீக்கே ஜெயிச்சுது, அதே வருஷம்தான் நாம கடைசி இடம். ஆக மண்ணுல குத்தம் இல்ல சார். பக்கத்து வீட்டுக்காரன் வந்து நம்ம தோட்டத்து மாங்காயை பறிச்சிட்டு போறான், நாம மார்க்கெட்டுல போய் வெலைக்கு வாங்கறோம்.

உங்க ஏரியாலயே சாயங்காலம் வெறுங்கால்ல ஆடற பசங்களை பாருங்க, எத்தனை பேரை எந்த கிளப் ஸ்கவுட் வந்து பாத்திருப்பான்? ஜோலார்பேட்டை தாண்டி வண்டி எங்கயும் நிக்காம போற மாதிரி போயிடறாங்க.

ராணிப்பேட்டை நண்பர்: ஓனருங்க அபிஷேக் பச்சன், தோனி. காசு இல்லையா, மனசு இல்லையா?

வீட்டா தானியும் இருக்காங்க, அவங்களை எல்லாரும் மறந்துடறீங்க. காசை விட பொறுமைதான் இல்லைன்னு நெனைக்கிறேன். தோனி வந்து பைனல்ல கை தட்டினா கேமரா அங்க போகும், பந்து உள்ள போகாது.

குடியாத்தம் அக்கா: என் பையன் எட்டாவது படிக்கிறான், டீம் தோத்தா சாப்பிட மாட்டேங்குறான், என்ன பண்றது?

அக்கா, திட்டாதீங்க, நானும் அப்படித்தான் இருந்தேன், அதுவும் நாப்பது வயசுல. ஒரு சம்பவம் சொல்றேன், அவனுக்கு படிச்சு காட்டுங்க.

2015 டிசம்பர் 20, கோவாவுல பைனல். வீட்டுல பாத்துட்டு இருக்கேன், 1-1. 87வது நிமிஷம் ஜோஃப்ரே அடிச்சு கோவா 2-1. முடிஞ்சுது. டிவியை ஆஃப் பண்ணிட்டு, தட்டுல பாதி தோசை, அதை அப்படியே மூடி வச்சுட்டு மொட்டை மாடிக்கு போயிட்டேன். மார்கழி பனி, துண்டை தலையில சுத்திட்டு நின்னு கோட்டைப் பக்கம் வெளிச்சத்தை வெறிச்சு பாத்துட்டு இருந்தேன். திடீர்னு பக்கத்து வீட்டு பையன் கத்தறான். சரி, பாம்பு கீம்பு போலன்னு பாத்தா ரெண்டாவது தடவையும் கத்தறான், இந்த தடவை அவங்க அப்பாவும் சேந்து கத்தறாரு. 90வது நிமிஷம் கோவா கோல்கீப்பர் கட்டிமணி கையில பட்டு சொந்த கோல், ரெண்டு நிமிஷத்துல மெண்டோசா, 3-2, கப்பு நம்மது. இறங்கி ஓடி வந்து டிவியை போட்டா அது ஆன் ஆகறதுக்குள்ள கேப்டன் எல்லாம் குதிச்சுட்டு இருக்காங்க. நம்ம கிளப் வரலாத்துலயே பெரிய ரெண்டு நிமிஷம், நான் பாக்கல. ஆறின தோசையை அழுதுகிட்டே சாப்ட்டேன்.

அதனால அவன் கிட்ட சொல்லுங்க, சாப்டுட்டே பாக்கட்டும், விசில் அடிக்கற வரைக்கும் எழுந்திரிக்க வேணாம். சபதம் மாதிரி அதுலேர்ந்து நானும் எழுந்திரிக்கறதில்ல, 3-0ன்னு தோத்துட்டு இருந்தாலும்.

திருவலம் தம்பி: 2025ல சீசனே நேரத்துக்கு ஆரம்பிக்கலையேண்ணா, அதுக்கும் நம்ம டீம்தான் காரணமா?

இல்லப்பா, இதுல நம்ம டீமை திட்ட முடியாது. ஃபெடரேஷனும் லீக் நடத்தற கம்பெனியும் 2010ல போட்ட 15 வருஷ ஒப்பந்தம், வருஷத்துக்கு 50 கோடி, அது 2025 டிசம்பரோட முடியறதா இருந்துச்சு. புதுசா போடல, அதனால அந்த வருஷம் ஜூலையிலயே சீசனை நிறுத்தி வச்சாங்க, ஆகஸ்ட்ல நம்ம கிளப் சீனியர் டீம் வேலையையே நிறுத்தினாங்க. ஆட்டக்காரனுக்கு சம்பளம் வருமான்னு தெரியாம வீட்டுல உக்காந்திருந்தான். தோக்கறப்ப கூட இவ்ளோ வலிக்கல, சனிக்கிழமை சாயங்காலம் சும்மா கெடந்தது இருக்கு பாரு.

வேலப்பாடி பெரியவர்: இனிமே இந்த டீம் தேறுமாப்பா?

ஐயா, சாமி இல்லாத கோயில்னு நம்ம ஜலகண்டேஸ்வரரை எத்தனை வருஷம் கிண்டல் பண்ணாங்க, நீங்களே பாத்திருப்பீங்க. 1981ல சாமி உள்ள வந்துடுச்சுல்ல. நமக்கு ஒரு ஸ்ட்ரைக்கர் வந்தா போதும்யா.

காட்பாடி காந்தி நகர் பசங்க: அடுத்த சீசன் ஆரம்பிச்சா ஸ்டேடியம் கூட்டிட்டு போறீங்களா? எப்படி போறது?

வாங்கடா. மதியானம் வண்டி புடிச்சா ரெண்டு ரெண்டரை மணி நேரத்துல சென்ட்ரல், அங்கேர்ந்து நேரு ஸ்டேடியம் நடந்தே போயிடலாம், ஆட்டோக்காரன் கிட்ட பேரம் பேசி டைம் வேஸ்ட் பண்ணாதீங்க. பிரச்சனை திரும்பி வரதுதான். ஏலகிரி வண்டியெல்லாம் சாயங்காலமே போயிடும், மேட்ச் முடிய ஒம்பதரை ஆகும், அப்புறம் ராத்திரி வண்டியில அன்ரிசர்வ்டுல கதவு பக்கம் நின்னுட்டுதான் வரணும். போன தடவை நீல ஜெர்சியோட நிக்கறேன், கீழ உக்காந்திருந்த பூக்கார அம்மா "இன்னா கண்ணு, கம்பெனி யூனிபாரமா"ன்னு கேட்டுது. ஆமாம்மான்னுட்டேன், தோத்த டீமுன்னு சொல்ல மனசு வரல. "சம்பளம் ஒழுங்கா தரானா"ன்னு அடுத்த கேள்வி.

ஆளுக்கொரு தண்ணி பாட்டில், புளிசாதம் எங்க வீட்டுலேர்ந்து நான் கட்டிட்டு வரேன். ஜெர்சி இல்லாதவன் நீல சட்டை போட்டுட்டு வா, மஞ்ச சட்டை மட்டும் வேணாம்.