கடுகடுப்பான மேலாளரிடம் ரெஃபரன்ஸ் கேட்கலாமா?

கேள்வி: காவேரிப்பட்டினம் அருகே ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் நான்கு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். ஓசூரில் ஓர் உணவு நிறுவனத்தில் நேர்காணல் முடிந்து, இப்போது இருவரின் ரெஃபரன்ஸ் கேட்கிறார்கள். அவர்களில் ஒருவர் மேலதிகாரியாக இருக்க வேண்டுமாம். என் மேலாளரோ எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுபவர். வேறு வேலை தேடுவது தெரிந்ததும் ஒருவரை சீசன் முடியும்வரை இரவு ஷிப்டிலேயே போட்டார். அவரிடம் கேட்காமலே பெயரைக் கொடுத்துவிடலாமா?
– வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: கேட்காமல் கொடுக்க வேண்டாம். முன்பின் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்து, நீங்கள் கிளம்பப் போகும் செய்தி அதன் வழியே தெரிந்தால், நல்ல மனிதர்கூட முகம் சுளிப்பார். ஆனால் இன்றே போய்க் கேட்க வேண்டிய அவசரமும் இல்லை. பணி ஆணை கைக்கு வந்த பிறகே தற்போதைய மேலாளரைத் தொடர்புகொள்ளுமாறு ஓசூர் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். வேலையில் இருந்துகொண்டே வேறு வேலை தேடுபவர்கள் வழக்கமாக வைக்கும் கோரிக்கைதான் இது. மேலதிகாரி என்றால் இன்றைய மேலாளராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் வேலையை நேரில் பார்த்து, பிறகு வேறு ஆலைக்குப் போய்விட்ட ஷிப்ட் பொறுப்பாளர் இருந்தால், அவரைக் கேட்டுக்கொண்டு அவர் பெயரைக் கொடுங்கள். கூழ் ஆலைகளில் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் அதிகம் என்பதால், விஷயத்தை வெளியே விடாதவராகப் பார்த்துக் கேளுங்கள்.

நீங்கள் அங்கே வேலை பார்த்தீர்கள் என்பதை நிரூபிக்க மேலாளரின் வாய்ச்சொல் தேவையே இல்லை. உங்களுக்கு பி.எஃப். பிடிக்கப்படுகிறது என்றால், யு.ஏ.என். எனப்படும் 12 இலக்க பி.எஃப். உறுப்பினர் எண்ணைக் கொண்டு பி.எஃப். உறுப்பினர் இணையதளத்தில் நுழைந்து, பணியில் சேர்ந்த தேதியையும் மாதவாரியான சந்தாவையும் நீங்களே எடுத்துக்கொள்ளலாம். அதோடு நியமனக் கடிதமும் சம்பளச் சீட்டும் இருந்தால் போதும். ரெஃபரன்ஸ் கொடுப்பவர் சொல்ல வேண்டியது நீங்கள் எப்படி வேலை செய்தீர்கள் என்பதை மட்டுமே.

பணி ஆணை வந்தபின் மேலாளரிடம் கேட்கும்போது நேரம் முக்கியம். பெங்களூரா ரக மாம்பழ லாரிகள் வாசலில் வரிசை கட்டி நிற்க, அவர் எடைச்சீட்டும் கையுமாக அலையும் வேளையில் வாயைத் திறக்காதீர்கள். வேலை தணிந்த ஒரு மாலையில், அவர் அறையில், தனியாகப் பேசுங்கள். 'என்னைப் பற்றி நல்லவிதமாகச் சொல்லுங்கள் சார்' என்று பொதுவாகக் கேட்பதைவிட, பிரிக்ஸ் (கூழில் கரைந்துள்ள சர்க்கரையைக் காட்டும் அளவு) 14-க்குக் கீழே இறங்கிய கூழை டிரம்மில் நிரப்பும் முன்பே நிறுத்தியது, தணிக்கைக்கு வந்தவர்களிடம் பதிவேடுகளைக் காட்டி விளக்கியது என்று உண்மையில் நீங்கள் செய்தவற்றை ஒரு தாளில் நான்கைந்து வரியாக எழுதிக் கொடுத்து, 'கேட்டால் இவற்றை உறுதிப்படுத்த முடியுமா சார்? சங்கடமாக இருந்தால் சொல்லிவிடுங்கள், வேறொருவர் பெயரைத் தருகிறேன்' என்று கேளுங்கள். மறுக்கவும் வழிவிட்டுக் கேட்டால், அவர் மனதில் இருப்பது அங்கேயே தெரிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்: சிடுசிடுப்பவர்கள் எல்லாரும் முதுகுக்குப் பின்னால் குறை சொல்பவர்கள் அல்லர். சிரித்துப் பேசிவிட்டு, தொலைபேசியில் 'ம்... பரவாயில்லை' என்று இழுப்பவர்களிடம்தான் எனக்கு அதிக பயம்.

அவர் மறுத்தால் வாதாட வேண்டாம். பதவியும் பணிக்காலமும் குறிப்பிட்ட அனுபவச் சான்றிதழையும் ரிலீவிங் ஆர்டரையும் (பணி விடுவிப்பு ஆணை) உங்கள் ஆலையின் அலுவலகத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள். விலகிய பிறகு பி.எஃப். தளத்தில் வெளியேறிய தேதி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆலை பதியாமல் விட்டிருந்தால், கடைசிச் சந்தாவிலிருந்து இரண்டு மாதம் கழித்து, ஆதார் ஓ.டி.பி. கொண்டு நீங்களே பதிந்துகொள்ளலாம்.