பிளஸ் டூ பையன் கணக்கை மட்டும் ஏன் தள்ளிப்போடுகிறான்?

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன், அம்மா. காலை நாலு மணிக்கு எழுப்பச் சொல்கிறான், எழுப்பினால் படிப்பு அட்டவணைக்குக் கலர் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், ஆறு மணி ஆனாலும் ஒரு கணக்குகூடப் போட்டிருப்பதில்லை என்கிறீர்கள். சோம்பேறியாகிவிட்டானே என்று வருத்தப்படுகிறீர்கள். ஆனால் கம்ப்யூட்டர் சயின்ஸை யாரும் சொல்லாமலேயே படித்துவிடுகிறான் என்றும் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் பட்டது. சோம்பல் என்றால் எல்லாப் பாடத்திலும்தானே தெரிய வேண்டும்? கணக்கு நோட்டைத் திறந்ததும் அவனுக்குள் ஏதோ ஒரு பயம் வருகிறது. அதிலிருந்து தப்பிக்கத்தான் அந்தக் கலர் பென்சில்.

இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில் 'தொகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள்' என்று ஒரு பாடம் இருக்கிறது. பதினோராம் வகுப்பில் படித்த தொகையிடல் (இன்டெக்ரேஷன்) கைவசம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் அந்தப் பாடமே தொடங்கும். அங்கே ஓட்டை விழுந்திருந்தால் இங்கே முதல் வரியே ஓடாது. பிள்ளைகள் இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். போன வருஷத்துக் கணக்கே தெரியாதா என்று கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சம். அதனால் இந்த வாரம் "எவ்வளவு படிச்சே?" என்று கேட்காதீர்கள். "எந்தக் கணக்குல நிக்கிறே?" என்று கேளுங்கள். பழைய புத்தகத்தை எடுத்து மேசையில் வையுங்கள். அதைத் திரும்பப் பார்க்க நாலைந்து நாள் போனால் போகட்டும், அது வீண் இல்லை.

பொறியியல் கட் ஆஃப் 200இல் கணக்குக்கு மட்டும் 100, இயற்பியலும் வேதியியலும் ஆளுக்கு 50. இது அவனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்திருப்பதால்தான் கணக்கைப் பார்த்தாலே கை நடுங்குகிறது. தினமும் நீங்கள் அதை நினைவுபடுத்த வேண்டாம்.

சரி, தொடங்குவது எப்படி? 1980களின் கடைசியில் இத்தாலியில் படிப்பு ஓடாமல் தவித்த பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற கல்லூரி மாணவர், தக்காளி வடிவத்தில் இருந்த ஒரு சமையலறை டைமரை முன்னால் வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினார். 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்று இன்று பலர் பின்பற்றும் முறை அதிலிருந்து வந்ததுதான். உங்கள் பையனுக்கு இப்போதைக்கு 25 நிமிடம்கூட அதிகம். 10 நிமிடம், ஒரே ஒரு கணக்கு. அதுவும் எடுத்துக்காட்டில் செய்து காட்டியிருக்கும் கணக்காக இருக்கட்டும். முதலில் பார்த்துப் போடட்டும், அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டுப் போடட்டும். பத்து நிமிடம் முடிந்ததும் எழுந்து போக அவனுக்கு முழு உரிமை உண்டு. பெரும்பாலும் எழ மாட்டான். நேரம் பார்க்க ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் போதும். செல்போன் வேறு அறையில் இருக்கட்டும், உங்களுடையதும் சேர்த்து.

அட்டவணையில் ஒரே ஒரு திருத்தம் சொல்கிறேன். கனடாவில் கல்லூரிக் கடைசி ஆண்டு மாணவர்களிடம் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள், ஆனது 55 நாளுக்கு மேல். 1994இல் வெளியான ஆய்வு இது. நம் பிள்ளைகளும் இப்படித்தான் கணக்குப் போடுவார்கள். இரண்டு நாள் என்று எழுதிய பாடத்துக்கு மூன்று நாள் ஒதுக்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குமேல் எதுவும் எழுத வேண்டாம். வாரத்தில் விட்டுப்போனதற்கு அந்த இடம் வேண்டும்.

அவன் அப்பாவிடம் நான் சொன்னதாக ஒன்று சொல்லுங்கள். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழக முதலாண்டு மாணவர்களிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களையே மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். காலாண்டு மதிப்பெண்ணைச் சாப்பாட்டு வேளையில் எடுத்துப் பேசப் பேச, பையனுக்குக் கணக்கின் மேல் வெறுப்புதான் வளரும். "போனது போகட்டும்டா" என்று அவர் ஒரு தடவை மனதாரச் சொன்னால் போதும், அவனும் தன்னை மன்னித்துக்கொள்ள வழி பிறக்கும்.

நாலு மணிக்கு எழுப்புவதையும் விட்டுவிடுங்கள். ராத்திரி பன்னிரண்டு வரை விழித்திருப்பவனுக்கு அது தூக்கத்தைக் கெடுக்கும், வேறு பயன் இல்லை. தூக்கமும் சாப்பாடும் நன்றாகக் குறைந்துபோனாலோ, "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்று பேச ஆரம்பித்தாலோ படிப்பை ஓரமாக வைத்துவிட்டு, மனநல ஆலோசனைக்கான 14416 எண்ணில் உடனே பேசுங்கள். கட்டணம் கிடையாது.

அரையாண்டு விடைத்தாள் கைக்கு வந்ததும் மொத்த மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால், தொடாமலே விட்ட கணக்குகளை அவனையே பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். அந்தத் தாளோடு என்னிடம் வாருங்கள். அவனும் கூட வரட்டும்.